மக்கும் டப்பாவில் நோன்புக் கஞ்சி

நோன்பு மாதம் பிறந்தால் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி அண்டா என் பொறுப்பு. லிட்டில் இந்தியாவில் பல வருடமாக அப்படித்தான். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஜனங்கள் தூக்குச்சட்டி, பிளாஸ்க், குழம்புச் சட்டி என்று எதையாவது கொண்டுவருவார்கள். ஊற்றிக்கொடுப்பேன். எனக்கு அந்த மாதத்தில் வேறு ஆசை கிடையாது.

போன வருடம் ஓர் உபயதாரர் வந்து சேர்ந்தார். இஸ்லாமியப் பசுமைப் பொருளாதாரம் என்று ஓட்டல் கருத்தரங்குகளில் பேசுகிறவர். மனிதன் பூமியின் கலீஃபா, அல்லாஹ் ஒப்படைத்ததைக் காக்க வேண்டியவன், வீண்விரயம் ஹராம் என்பார். எல்லாம் சரிதான். ஆற்றங்கரையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று சொன்ன மார்க்கம் இது. இவர் வாயில் அது விளம்பரமாகிவிட்டது.

அவர் பச்சை மூடி போட்ட டப்பாக்களை லாரியில் இறக்கினார். மூடியில் 'படைப்பைக் காப்போம்'. அதைவிடப் பெரிய எழுத்தில் அவர் கம்பெனிப் பெயர்.

"இனி யார் பாத்திரத்துலயும் ஊத்தாதீங்க நானா. போட்டோல எல்லாம் ஒரே மாதிரி இருக்கணுமாம்" என்றார் பள்ளிவாசல் தலைவர். எங்களில் அண்ணனை நானா என்போம்.

ஜனங்கள் வழக்கம்போலச் சட்டியோடுதான் வந்தார்கள். டப்பாவை வாங்கினார்கள். என் கண்ணெதிரிலேயே கஞ்சியைத் தங்கள் சட்டியில் கவிழ்த்துவிட்டு டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். தொட்டி நிரம்பித் தரையில் வழிந்தது.

"என்ன பாய், பொணத்துக்குச் சுத்தற மாதிரி கஞ்சிக்குக் கஃபன் போட்டுக் குடுக்கறீங்க?" என்றாள் ஒரு பெண். வரிசையே சிரித்தது.

உபயதாரரிடம் போனேன்.

"உங்க டப்பா பூரா குப்பைல கிடக்கு சார்."

"மக்குற டப்பா பாய், டோன்ட் வொரி லா."

"எங்க மக்கும்? இந்த ஊர்ல குப்பையை எரிக்கத்தானே செய்றாங்க?"

"கான்செப்ட்தான் பாய் முக்கியம்." தோளில் தட்டினார்.

"அப்ப நீங்க கான்செப்டுக்குத்தான் கலீஃபா."

அவர் சிரித்தார். சொரணை இருந்தால்தானே உறைக்கும். பக்கத்தில் நின்ற தலைவர் முகம்தான் கறுத்தது.

மறுநாள் டப்பாக்களைத் தொடாமல் சட்டிகளிலேயே ஊற்றினேன். தலைவர் ஓடிவந்தார்.

"நானா, மாசம் பூரா செலவு அவரோடது. டப்பால ஊத்துங்க. இல்ல, அகப்பைய வச்சிட்டுப் போங்க."

வைத்தேன். சுற்றி நின்ற நிர்வாகிகளில் ஒருவன்கூட, "இருங்க நானா" என்று சொல்லவில்லை. வீண்விரயம் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் தலையாட்டிக் கேட்கிற கூட்டம்.

அடுத்த நாள் நோன்பு திறக்க மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு பச்சை மூடி வந்தது. கஞ்சி அடிப்பிடித்திருந்தது. தீயைக் குறைக்கத் தெரியாத எவனோ கிளறியிருக்கிறான். எதிரே உபயதாரர் ஒரு மடக்குக் குடித்தார், முகத்தைச் சுளித்தார், மீதியை அப்படியே மூடி ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்டோவுக்கு நிற்கப் போனார்.