மேலே போன குடும்பம்

கொல்லிமலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மிளகு விவசாயி. தலையில் பச்சைத் துண்டு, கையில் செல்போன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் இரண்டு மிளகை வாயில் போட்டுக் கடித்தார். என் மனைவியும் இரண்டு மகள்களும் காலையிலேயே காரில் மலையேறியிருந்தார்கள். மூன்று மணி நேரமாக அவர்கள் போன் கிடைக்கவில்லை.

செல்போனைப் பார்த்தபடியே அவர் உச்சுக்கொட்டினார். "பாவமுங்க. குடும்பத்தோட மேல போனவங்க, வழி தப்பிட்டாங்க. பொட்டப் புள்ளைங்க வேற ரெண்டு."

"எந்த வளைவுலங்க? கார் என்ன கலருங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதி வண்டியையே நிறுத்திவிட்டார்.

"காரா? ராக்கெட்டுங்க" என்று அவர் போனை நீட்டினார். ஏதோ பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். விண்வெளியில் தொலைந்த ஒரு குடும்பம், தகர டப்பா போன்ற ரோபோவைச் சுற்றி நின்று விழித்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் விழித்தேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள். விடுதி அறையைவிட்டு வெளியே வந்த பிறகுதான் சிக்னல் கிடைத்ததாம்.

"என்னங்க ஆச்சு?" என்றார் அவர்.

"மேலே போய்ச் சேந்துட்டாங்க" என்றேன் நிம்மதியாக.

அவர் எழுந்து நின்று பேருந்துக்கே அறிவித்தார். "ஏனுங்க, சாரோட குடும்பம் மொத்தமா மேல போய்ச் சேந்துருச்சாமுங்க!"

முன்சீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டார். மிளகுக்காரரோ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் ராக்கெட்டுக்குத் திரும்பினார். அந்த மனிதர் வெள்ளந்தியா, வில்லங்கமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.