முன்பாரம்

சின்ன டிராக்டர் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் கலப்பையை மாட்டி லிஃப்டைத் தூக்கியதும் பாரமெல்லாம் பின்பக்கம் சாயும். முன்சக்கரம் மண்ணை விடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்காது. திருச்சுழி ரோட்டோரம் என் கரிசல் நிலத்தில் முதல் வருஷம் முழுக்க நான் அப்படித்தான் திரும்பினேன், பாதி மண்ணிலும் பாதி வானத்திலுமாக.

அடுத்த புஞ்சை என் பெரியப்பா மகனுடையது. அண்ணன் முறை. அவரிடம் பெரிய டிராக்டர். உழும்போதெல்லாம் எங்கள் பொதுவரப்பில் ஒரு சால் சேர்த்து இழுப்பார். வரப்பு வருஷா வருஷம் மெலிந்து, ஒரு கோடையில் இல்லாமலே போயிற்று. நடுவில் ஊன்றியிருந்த எல்லைக்கல்லும் போயிற்று. கேட்டதற்கு, மழையில் சாய்ந்து மண்ணுக்குள் முங்கியிருக்கும் என்றார். கல் முங்குகிற மழை எங்கள் பக்கம் எப்போது பெய்ததென்று மேகத்திடம்தான் கேட்க வேண்டும்.

நிலம் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒருநாள் வேறு வழியில்லாமல் என் மனைவி முன் பம்பர்மேல் ஏறி உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் எல்லாரும் செய்கிற தப்பு அது. கீழே விழுந்தால் சக்கரம்தான், தெரிந்தே செய்வோம். ஆள் பாரத்துக்கு வண்டி அடங்கும், லிஃப்டை உச்சிவரை தூக்காத மட்டும். அன்று சாயங்காலம் டீக்கடையில், அத்தனை பேர் நடுவில், என்னையும் வைத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்:

"எங்க தம்பி பொம்மை வண்டி வாங்கியிருக்கான்லே. அதுக்குக் கலப்பைய மட்டும் மாட்டுனா பத்தாது, பொண்டாட்டியவும் மாட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். அந்த டீ இன்னும் என் நாக்கில் சுடுகிறது.

கல்லை நான் தேடவில்லை. ஓடைக்குள் சீமைக்கருவேலம் வெட்டப் போனபோது, தூருக்கு அடியில் குப்புறக் கிடந்தது. புரட்டினேன். தலையில் வெட்டிய பெருக்கல் குறி அப்படியே இருந்தது. விலாவில் மட்டும் வெள்ளையாக ஒரு புதுக் கீறல், கலப்பைக் கொழு பட்ட வடு. மழையாம்.

நான் சண்டைக்குப் போகவில்லை. பஞ்சாயத்துக்கும் போகவில்லை. அருப்புக்கோட்டை வெல்டிங் பட்டறையில் பம்பருக்கு முன்னால் ஓர் இரும்புத் தொட்டில் அடித்து வாங்கினேன். கடையில் இரும்பு வெயிட்டே விற்கிறதே என்றார் பட்டறைக்காரர். எனக்கு இந்த வெயிட்டுத்தான் வேண்டும் என்றேன். குறி வெட்டிய தலை வெளியே தெரியும்படி கல்லைப் படுக்கவைத்து போல்ட்டை முடுக்கினோம். அதற்கப்புறம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது.

அண்ணன் வீட்டு வாசல் வழியாகத்தான் எங்கள் தெருவுக்குப் பாதை. தினமும் போனேன். வேலை இல்லாத நாளிலும் போனேன். கடைக்கு உப்பு வாங்கக்கூட டிராக்டரில் போனேன். டீசல் என்ன ஓடையிலா ஓடுகிறது என்று மனைவி வைதாள். அண்ணன் வாசலில் நின்று பார்ப்பார். அவர் கண் கல்லில் விழும், பிறகு எங்காவது பறக்கும். என்ன கேட்பார்? எல்லைக்கல் என்று வாயைத் திறந்தால் எல்லை எங்கே என்றும் சொல்ல வேண்டும். அந்த வாய் மூடியே கிடப்பதைப் பார்க்கத்தான் நான் அத்தனை டீசலையும் எரித்தேன்.

பிறகு மழை வந்தது, விட்டு விட்டு, வேண்டிய மட்டும். பருத்தியோடு களையும் எழுந்தது. களையெடுக்கிற பெண்களை விடியுமுன்னே மில்லு வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். பெரிய டிராக்டரை வரிசைக்குள் விட்டால் செடியே சட்னி. இடையுழவுக்குப் பொம்மை வண்டிதான் நுழைய முடியும்.

அண்ணன் முதலில் மதினியை அனுப்பினார். "கொழுந்தனாரே, களை பருத்திய முழுங்கிருச்சு. உங்க அண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாக."

"அவுகளையே வரச் சொல்லுங்க மதினி," என்றேன்.

மறுநாள் காலையில் புஞ்சைக்கே வந்தார். நான் ஸ்பேனரை நீட்டினேன்.

"மொதல்ல இதக் கழட்டுங்கண்ணே. இருந்த எடத்துல ஊனிட்டு வருவோம்."

"எந்த எடம்னு எனக்கு என்னலே தெரியும்?"

"நடங்க. காலுக்குத் தெரியும்."

ஆளுக்கொரு முனை தூக்கினோம். அவர் முன்னால் நடந்தார். அளக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. தன் பருத்திக்குள் புகுந்து, பல வரிசைகளைக் கடந்து நின்றார். கடப்பாரையை அவரே போட்டார். கொஞ்ச ஆழத்தில் டங்கென்றது. கல்லுக்கு முட்டுக் கொடுத்த பழைய செங்கல் துண்டுகள். கல்லுக்கு இந்தப் பக்கம், என் மண்ணில், அவருடைய பருத்தி பூத்து நின்றது. கல்லை நிறுத்தி மண்ணை மிதித்து இறுக்கினார்.

"கல்லத்தான் ஊனியாச்சுல்ல. ஓட்டு."

"முன்பாரம் இல்லாம எப்படிண்ணே திருப்ப? ஏறி உக்காருங்க."

என்னைப் பார்த்தார். டீக்கடையை நான் ஞாபகப்படுத்தவில்லை, தேவையும் இருக்கவில்லை. களையைப் பார்த்தார். காலித் தொட்டிலில், என் மனைவி உட்கார்ந்த அதே இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மெல்லத்தான் ஓட்டினேன். ரோட்டுப்பக்க முனையில் வண்டியை நிறுத்தி லிஃப்டை உச்சிவரை தூக்கினேன். அண்ணன் கல்லைவிட லேசு. முன்சக்கரங்கள் மண்ணை விட்டன. அவர் கால்கள் அந்தரத்தில் ஆடின.

அருப்புக்கோட்டை பஸ்ஸு வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது, ஜன்னலெல்லாம் முகங்களாக.

"எறக்குலே," என்றார் பல்லைக் கடித்து.

இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸு தாண்டிப் போகிறவரை லிவரிலிருந்து கையை எடுக்கவில்லை.