சிரிப்பு அறபி

கேரள எல்லையை ஒட்டிய உதியன்குளங்கரையில், மேடைகளில் சினிமாப் பாட்டுப் பாடும் ஒரு கானமேளாக் குழுவில் நான் பாடகி. ஈராக்காரர் ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த நாட்டில் வானொலியில் பாடியவர். சண்டையில் ஊர் அழிந்ததும் துபாய்க்குப் போய், ஓட்டல்களில் ஊத் வாசித்துப் பாடிப் பிழைத்தார். வயிறு பருத்த, கழுத்து குட்டையான நரம்புக் கருவி அது. அங்கே நர்ஸாக இருந்த, எங்கள் பக்கத்துக் காரோடு ஊர்க்காரியைக் கட்டிக்கொண்டார். அவள் நோயில் விழுந்ததும் அவளோடு இங்கே வந்துவிட்டார்.

முதல் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு தன் ஊர்ப் பாட்டொன்றைப் பாடினார். மெதுவான, நீண்ட பாட்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே கூவத் தொடங்கினார்கள். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கை அணைத்தார். அது தெரியாமல் அவர் பாடிக்கொண்டே இருந்தார். அதற்கும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எங்கள் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. அடுத்த நிகழ்ச்சிக்கு வெள்ளை அங்கியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வந்தார்.

“பாட்டு வேண்டாம் அண்ணா. வாயில வாறத அறபி மாதிரி சொல்லும். ஆளுவ சிரிக்கணும், அவ்வளவுதான்.”

அவர் அப்படியே செய்தார். வீட்டில் மனைவி படுக்கையில் கிடந்தாள்.

அவள் இறந்த அன்று, பெட்டியை மூடுவதற்கு முன் ஊத் கருவியை மடியில் வைத்துத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார். அவர் பிறவிக் கிறிஸ்தவர். அது அவருடைய அம்மா கோயிலில் பாடிய மாதா பாட்டு. மனைவியின் அண்ணன் வந்து நரம்புகளின்மேல் கையை அழுத்தினார்.

“எலே, நிறுத்து. இது பள்ளிவாசலா?”

“அண்ணா, அது மாதா பாட்டாக்கும்” என்றேன்.

“மாதாவுக்கு அறபி தெரியுமா? நீ மாறி நில்லு.”

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேடையில் அவரைப் பார்த்தவர்களாக இருக்கும். அண்ணன் கருவியைப் பிடுங்கி விறகுப்புரையில் போட்டார். பெட்டியை மூடினார்கள்.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம். அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்து அங்கியை மாட்டிக்கொண்டு நின்றார். அன்று யாரும் சொல்லாமலே மேடையில் தடுக்கி விழுந்தும் காட்டினார். மறுபடியும் விழச் சொன்னார்கள். விழுந்தார்.

இப்போது நோட்டீஸில் என் படத்தைவிட அவர் படம் பெரிது. ஊரில் அவருக்குச் சிரிப்பு அறபி என்றே பெயர். மலையாளம் நன்றாகப் பேசுவார். ஆனால் திருத்தமாகப் பேசினால் ஆட்கள் சிரிப்பதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். போன மாதம் வேனில் திரும்பும்போது, முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். மேடையில் பேசும் அதே அறபி கலந்த கொச்சை மலையாளத்தில், கண்ணை உருட்டிக்கொண்டு, எனக்குப் பதில் சொன்னார்.

வேனில் எல்லோரும் சிரித்தார்கள்.