கோவிந்தம்மாவின் மல்லித் தகரம்

ராயபுரத்தில் ஜட்கா ஓடிய காலம். காசிமேட்டுக் கோவிந்தம்மாவின் தலையில் பூ இருப்பதா போவதா என்பது ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்து மல்லிச்செடியின் கையில் இருந்தது. சிரிக்காதீர்கள், அவளுக்கு அது வாழ்வா சாவா.

ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன புருஷன் ஜெயவேல் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் எண்ணூரில் ஒதுங்கியது. "உடம்பப் பாக்காம தாலிய எடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள் கோவிந்தம்மா. மாமியார் குப்பம்மாவுக்கோ, பிள்ளைக்குக் காரியம் செய்யவில்லையே என்று வயிறு எரிந்தது.

"அவன் நட்ட மல்லி கீற வரிக்கும் பேச மாட்டேன். அது பட்டுப்போச்சுன்னா அன்னிக்கே காரியம்," என்றாள் மாமியார், தெருவறிய.

சித்திரை பிறந்தது. தகரம் கொதித்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இல்லை. மண்ணை மூட உமி போட்டாள். கடற்காற்று வாரிக்கொண்டு போயிற்று. அந்தக் குப்பத்தில் பழைய கயிறு வீணானதே கிடையாது. கூரைக்கும் அதுதான், தூளிக்கும் அதுதான். ஒதுங்கிய கட்டுமரத்திலிருந்து அவிழ்த்து வைத்திருந்த கயிற்றைப் பிரித்து, நாரை மண்மேல் பரப்பினாள். அவன் கை பட்ட கயிறு, காப்பாற்றாமல் போகுமா!

இலை நுனி கருகியது. இன்னும் நார் போட்டாள். இலைகள் கொட்டின. குப்பம்மா வெள்ளைப் புடவை வாங்கிவந்து பரணில் வைத்தாள். அதைப் பார்த்த கோவிந்தம்மா செடிக்கு இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.

தொண்டையார்பேட்டை எண்ணெய்ச் செக்கில் வேலை செய்யும் ஜீனத், மீன் வாங்க வந்தவள், தகரத்தைப் பார்த்து நின்றாள். ஒரு நாரை எடுத்து நாக்கில் வைத்துத் தூவென்று துப்பினாள்.

"அடிப்பாவி! ஒரே உப்பு. நீ ஊத்துற தண்ணி அத்தினியும் இந்த உப்ப வேருக்கு எறக்கிகினு கீது."

"அது அவரு கயிறு, அக்கா."

"யாரு கயிறா இருந்தா இன்னா? தூக்கிக் கடாசு. நல்ல தண்ணி ஊத்து, உப்பு அடி ஓட்டைல போவட்டும். செக்குல வேர்க்கடலைத் தோல் கீது, தரேன். நனைச்சு மேல போடு, பறக்காது."

கோவிந்தம்மா நாரை வாரினாள். புருஷனையே குப்பையில் போடுகிற மாதிரி இருந்தது. குடிக்க வைத்திருந்த குடத்தைத் தகரத்தில் கவிழ்த்தாள். அடியில் ஒழுகியதைத் தொட்டு நக்கினாள். கரித்தது. தெருக்குழாயில் இனி மறுநாள்தான் தண்ணீர் வரும். வீட்டில் மிச்சம் இருந்தது குப்பம்மாவின் குடம் மட்டும்.

நிமிர்ந்தாள். இடுப்பில் அந்தக் குடத்தோடு மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

"நவுருடி, எம்புள்ள நட்ட செடி," என்றாள். அழுதுகொண்டே தானே ஊற்றினாள்.

ஆடியில் செடி துளிர்த்தது. முதல் மொட்டைக் கிள்ளி மருமகள் தலையில் வைத்தவள் குப்பம்மாதான். வெள்ளைப் புடவை அடுப்படித் துணியாயிற்று.

ஜெயவேல் வரவேயில்லை. தான் இருந்தவரை ஒவ்வொரு சித்திரையிலும் கடலைத் தோலை நனைத்துத் தகரத்தில் போட்டாள் குப்பம்மா. காரியம் என்ற பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.