கணக்கில் வந்த குரல்

காத்துக்காரன் என்பது மச்சினன் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யார் கேட்டாலும், "காத்தைக் கணக்குப் போடுறாரு" என்பான். கேலிதான், ஆனால் உண்மை. ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, தொண்டைக்குள் குரல் நாண்கள் எப்படி அதிர்கின்றன என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு.

நாண் என்றால் கம்பி இல்லை. ஈரமான இரண்டு மடிப்புகள். வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும். திறந்த மடிப்பு காற்றின் போக்கை மாற்றும். மாறிய காற்று மடிப்பை இழுத்து மூடும். யார் முதலில் என்று சொல்லவே முடியாது. கம்ப்யூட்டர் காற்றிடம் ஒரு தரம், மடிப்பிடம் ஒரு தரம் என்று மாற்றி மாற்றிப் பேரம் பேசி, இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகே நேரத்தை இம்மியளவு நகர்த்தும். ஒரு விநாடி "ஆ" கேட்க ஒரு வாரம் ஆகும். திரையில் நீலமும் சிவப்புமாகக் காற்று சுழித்துப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். டீ ஆறிப்போகும். கூப்பிட்டால் காதில் விழாது.

அவன் மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். அந்தக் குரலுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டான் என்று வீட்டில் சொல்வார்கள், அவனும் மறுத்ததில்லை. அவள் குரல் நாணில்தான் ஒரு சின்னக் கட்டி வந்தது. டாக்டர் எடுத்துவிட்டார். "ஆபத்து ஒண்ணுமில்ல. புண் ஆறித் தழும்பாகுறதைப் பொறுத்துதான் குரல். நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். குரல் திரும்பாவிட்டால் மைக் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீடு ஊமையானது. கைதட்டிக் கூப்பிட்டாள். கோபம் வந்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் திட்டினாள்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். கை அரித்ததே! டாக்டரிடம் தழும்பின் அளவைக் கேட்டு வாங்கி, ஒரு மடிப்பில் அந்த இடத்தை மட்டும் விறைப்பாக்கி ஓடவிட்டான். அந்த வாரம் அவன் கால் தரையில் பாவவில்லை. மதியம் மேசையிலேயே கண் சொருகும். காற்றோடு காற்றாக அந்த இடுக்கு வழியே மிதந்து போவான். ஒரு பக்கத்துச் சுவர் இதமாக விலகி வழிவிடும். மறுபக்கம் மரக்கட்டையாய் நிற்கும். "கொஞ்சம் விலகேன்" என்று அதனிடம் கெஞ்சுவான். யாராவது தோளைத் தட்டினால்தான் மீண்டு வருவான்.

கடைசியில் "ஆ" வந்தது. ஹெட்போனில் கேட்டான். கரகரவென்று, நடுவில் உடைந்து வந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தான். கணக்கு சரியாக வரவேண்டும் என்று காலமெல்லாம் தவம் கிடந்தவன், இது மட்டும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

சாயங்காலம் அவள் போனில் தட்டி நீட்டினாள்: "என்ன சொல்லுது உங்க காத்து?"

"இன்னும் ஓடிட்டிருக்கு" என்று புளுகினான். அவள் அவன் மூஞ்சியையே பார்த்தாள்.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்று காலை, சமையலறையிலிருந்து "ஏங்க" என்றாள். அதே கரகரப்பு, அதே உடைசல், இம்மி பிசகவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

"உங்க கணக்குலயும் இப்படித்தான் வந்துச்சா?"

தலையாட்டினான்.

"அப்ப கணக்கு சரிதானே? எதுக்கு அழறீங்க?"

"தப்பாப் போகணும்னு இருந்தேன்."

"நல்ல ஆளு போங்க! திங்கக்கிழமை மைக்குல உட்காரப் போறேன். பிடிக்காதவங்க காதைப் பொத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பும் உடைந்துதான் வந்தது. ஆனால் அதை அவன் எந்தக் கணக்கிலும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு தரம் சிரிக்கச் சொன்னான்.