அப்பா கேட்ட நடைபாதை

அப்பா பொறுமையின் வடிவமாக வாழ்ந்தார் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி பெரியப்பா சொன்னார். அப்படி எழுதினால் படத்திலிருக்கும் அப்பாவே என்னை முறைப்பார். அவருக்குப் பொறுமை குறைவு. இருந்த கொஞ்சத்தையும் இந்த ஊர் பிடுங்கிக்கொண்டது.

வடமராட்சியில் பிறந்து, போரில் வீடிழந்து, மொன்றியலுக்கு அகதியாக வந்தவர் அப்பா. துறைமுகத்தில் லொறி ஓட்டி எங்களை ஆளாக்கினார். பிறகு தீவின் மேற்குப் பக்கத்தில், ஆங்கிலேய விவசாயிகள் அந்தக் காலத்தில் அமைத்த ஒரு கிராமத்துக்கு அருகே வீடு வாங்கினார். அப்போது அங்கே கல்லால் கட்டிய தேவாலயமும் சில பழைய வீடுகளும் ஒரு கடையும்தான். மற்றப்படி சோள வயல். சில வருடங்களில் வயலெல்லாம் வீடுகளாயின. நடைபாதை மட்டும் வரவில்லை. பஸ் இன்றும் தேவாலயத்தடியில்தான் நிற்கிறது.

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேலைக்குப் போவதென்றால், கார்கள் பறக்கும் தெருவோரமாக பஸ்வரை நடந்தாக வேண்டும். அதற்காகவே அப்பா நகரசபைக் கூட்டங்களுக்கு ஏறி இறங்கினார். நடைபாதை போட்டால் பழைய கிராமத்தின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். அடுத்தமுறை, அந்தத் தெருவில் யாருமே நடப்பதில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினார்.

"நடக்க வழியில்லாத இடத்திலை ஆர் நடப்பினம்? வழியைப் போட்டுட்டெல்லோ பாக்கவேணும்."

நோயில் விழும்வரை அம்மாவைத் தினமும் பஸ்ஸடியில் இறக்கிவிட்டவர் அப்பாதான். டொரோண்டோவிலிருந்து நான் வந்து மருத்துவமனையில் அருகே இருந்த கடைசி நாட்களிலும் அவருக்கு அதே கவலை.

"நான் இல்லாட்டிக் கொம்மா எப்பிடிப் போவா, பிள்ளை?"



அப்பா காலமான கிழமை துக்கம் விசாரிக்க நீங்கள் திரண்டு வந்தீர்கள். பனிக்காலத்தில் எங்கள் தெருவில் வாகனம் நிறுத்தத் தடை. வாகனங்களை விடுவதற்குத் தேவாலயப் பாதிரியார் தமது வளவைத் திறந்துவிட்டார். அங்கிருந்து எல்லோரும் நடந்தே வந்தீர்கள். முழங்கால் வலியோடு வந்த மாமி வழிநெடுக நகரசபையைத் திட்டினார். மறுநாள் பார்த்தால், தேவாலயத்திலிருந்து எங்கள் வாசல்வரை பனியில் ஒரு பாதை விழுந்திருந்தது. அம்மா அதில் பஸ்வரை நடந்து பார்த்தார். அடுத்த பனிக்கு, பனி தள்ளும் வண்டி வந்து அதை மூடிவிட்டுப் போனது.

சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், வளவைத் தந்த பாதிரியாருக்கும், நடந்து வந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று முப்பத்தோராம் நாளுக்கும் வாகனங்களை அங்கேதான் விட்டிருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டு, அவசரப்படாமல், பனியை நன்றாக மிதித்து நடந்து போங்கள். நாளை காலை அம்மா வேலைக்குப் போகிறார்.

மகள்