ஒருக்கா நகர்ந்தா தப்பில்லை

மஞ்சூர் ரோட்டுல ஒரு டீ ஃபேக்டரி இருந்துச்சு. அதோட கேட்டுல வாட்ச்மேனா நின்ன தனசிங்கைப் பத்தித்தான் சொல்லப் போறேன். வாட்ச்மேன்னா ஏதோ ஸ்டூல்ல உக்கார்ந்து தூங்கி வழியற ஆளுன்னு நெனச்சுடாதீங்க. வெலிங்டன்ல பொறந்து வளர்ந்தவரு. அப்பாவுக்குப் பட்டாளத்து கேண்டீன்ல வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, காக்கிச் சட்டையைத் தேய்க்காம மாட்டவே மாட்டாரு. அளந்துதான் பேசுவாரு. ஆனா கார் ரேஸ்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துட்டா போச்சு, மனுசனுக்குச் சாமி வந்த மாதிரி ஆயிடும்.

வாலிபத்துல கோயம்புத்தூர்ல ஒரு ஒர்க்ஷாப்புல இருந்தவரு. அங்க ரேஸ் நடக்கறப்போ வளைவுல நின்னு கொடி காட்டற வேலைக்குப் போயிருக்காரு. மஞ்சக் கொடி ஆட்டினா முன்னால ஆபத்து, வேகத்தைக் குறை, எவனும் எவனையும் முந்தக் கூடாதுன்னு அர்த்தம். அந்த மஞ்சத் துணி ஒண்ணை இத்தனை வருசமும் வச்சிருந்தாரு. மத்தியான சோத்து டப்பாவை அதுலதான் சுத்தி எடுத்துட்டு வருவாரு. அவரு சம்சாரம் ஐவி அதைக் கரித்துணியாக்கப் பார்த்து எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கிட்டா.

ஞாயித்துக்கிழமையானா மயில்சாமி டீக்கடையில டிவி ஓடும். தோட்டத்துலேருந்து ஃபேக்டரிக்கு இலை வண்டி ஓட்டற டிரைவருங்க அத்தனை பேரும் அங்கதான். ஸ்டேரிங் பிடிக்கிறவனுக்கு ரேஸ் பிடிக்காமப் போகுமா? ஒரு பாதி சிவப்புக் கார் கட்சி, இன்னொரு பாதி வெள்ளிக் கார் கட்சி. பின்னால வர்றவனை முன்னால போறவன் எதுவரைக்கும் மறிச்சு அடைக்கலாம், அதுதான் தீராத சண்டை. "அடைக்காம? வழி விட்டுக் கும்பிடு போடறதுக்கா அவ்வளவு தூரம் வந்தான்?"னு ஒருத்தன் கத்துவான். "அடேய், சாகடிக்கப் பார்க்கறான்டா, அது டிரைவிங்கா?"னு இன்னொருத்தன் எகிறுவான்.

கடைசியில எல்லாத் தலையும் மூலையில உக்கார்ந்திருக்கற தனசிங் பக்கம் திரும்பும். அவரு அவசரப்பட மாட்டாரு. ரெண்டு டீ கிளாஸை மேஜையில முன்னும் பின்னுமா வைப்பாரு.

"முன்னால போறவன் தன் இடத்தைக் காப்பாத்திக்கலாம். அதுக்காக ஒருக்கா குறுக்கால நகரலாம். ரெண்டாவது தடவை நகர்ந்தா தப்பு. பின்னால வர்றவன் பாதி வண்டி பக்கத்துல வந்துட்டான்னா அப்புறம் இடம் விட்டே ஆகணும். அவ்வளவுதான் சட்டம்."

சட்டத்தை விட அவருக்குக் கோவம் வர்ற விசயம் ஒண்ணு இருந்துச்சு, ரேஸ் நடுவருங்க. போன வாரம் ஒருத்தனுக்குத் தண்டனை, இந்த வாரம் அதே காரியத்தைப் பண்ணின இன்னொருத்தனுக்கு ஒண்ணுமில்லை. "ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்றவன் கோட்டைக் கழட்டி வச்சுட்டு ஊட்டுக்குப் போகணும். எவன் பண்ணினாலும் ஒரே தீர்ப்பு!"னு மேஜையைத் தட்டுவாரு. கிளாஸ் உடைஞ்சா யாரு காசு குடுக்கறதுன்னு மயில்சாமி முனகுவாரு. ஆனா அந்தக் கடையில தனசிங் சொன்னா சொன்னதுதான்.

அப்போ தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டலை. பாதி ஃபேக்டரி மூடிக் கிடந்துச்சு. திறந்திருந்ததும் தினம் இவ்வளவுதான் எடுப்போம்னு அளவு வச்சுட்டாங்க. அளவு ரொம்பினதும் உள்ளேருந்து சூப்பர்வைசர் குரல் குடுப்பாரு, தனசிங் கேட்டைச் சாத்தணும். வெளிய நிக்கற வண்டியில இருக்கற இலை அன்னைக்குக் குப்பை. ராத்திரி மூட்டையிலேயே கிடந்தா சூடேறிச் சிவந்துடும், மறுநாள் மாடு கூட மோந்து பார்க்காது. யாரு முதல்ல வந்தாங்க, யாரு அடுத்துன்னு சொல்ற பொறுப்பு தனசிங்கோடது.

கேட்டுக்குக் கொஞ்சம் கீழ ஒரு கொண்டை ஊசி வளைவு. கேட்டுல நின்னா அது உள்ளங்கை மாதிரி தெரியும். அந்த வளைவுல டிரைவருங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருந்துச்சு. கிட்டத்து ஊர் வண்டி சில்வர் ஓக் மரத்தடியில ஒதுங்கும், தூரத்து வண்டி முன்னால போகும். தூரத்து இலை முன்னாடியே பறிச்சது, மூட்டைக்குள்ள வெந்துக்கிட்டிருக்கும், பாவம் அது முதல்ல போகட்டும்னு ஒரு நியாயம். யாரும் எழுதி வச்சதில்லை. ஆனா மீறினதும் இல்லை.

ராசு தூரத்து வண்டி. பிக்கட்டி தாண்டி உள்ளயிருந்து வருவாரு. சிலோன்லேருந்து திரும்பி வந்த குடும்பம். எல்லாரும் இலைன்னா அவரு மட்டும் கொழுந்துன்னுதான் சொல்லுவாரு. தனசிங் வயசுதான், ஆனா தோட்டத்துப் பழக்கம், ஐயாங்கற வார்த்தை இல்லாம வாயே திறக்க மாட்டாரு. ஹாரன் அடிக்கவே கூச்சப்படற மனுசன். ரவிக்குமார் கிட்டத்து வண்டி. கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. சூட்டிகையான ஆளு, வெள்ளிக் கார் கட்சி, வண்டி முன்கண்ணாடி பூரா ஸ்டிக்கர்.

ஒரு நாள் சாயங்காலம் "இன்னும் ஒரு வண்டிதான்"னு சூப்பர்வைசர் குரல் குடுத்துட்டாரு. தனசிங் எட்டிப் பார்த்தாரு. கீழ ரெண்டு வண்டி ஏறி வருது. முன்னால ரவிக்குமார், பின்னால ராசு. மரத்தடி வந்துச்சு. ரவிக்குமார் ஒதுங்கலை. வழக்கம் போல வழி கிடைக்கும்னு ராசு வெளிப்பக்கமா ஏத்தினாரு. ரவிக்குமார் வண்டியை ஒருக்கா அந்தப் பக்கம் நகர்த்தி அடைச்சான். ராசு பிரேக்கை மிதிச்சாரு. ரவிக்குமார் கேட்டுக்குள்ள மூக்கை நீட்டி நிறுத்திட்டான்.

ராசு இறங்கி ஓடி வந்தாரு. "ஐயா, இது அநியாயம் ஐயா. நீங்களே பார்த்தீங்க."

ரவிக்குமார் சிரிச்சான். "அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதுதானுங்களே? ஒருக்காதானே நகர்ந்தேன்? அவரு வண்டி என் பக்கத்துல கூட வரலை. தப்புன்னா சொல்லுங்க, நானே வண்டியைப் பின்னால எடுத்துக்கறேன்."

உள்ள இலை இறக்கிக்கிட்டிருந்த டிரைவருங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. கடையில மேஜையைத் தட்டற ஆளு இப்போ என்ன சொல்லப் போறாருன்னு பார்க்கறாங்க. தனசிங்குக்கு மனசு ராசு பக்கம்தான் இருந்துச்சு. ஆனா அவன் நகர்ந்தது ஒருக்காதான், அதையும் கண்ணால பார்த்திருக்காரு. இன்னைக்கு ராசு மூஞ்சியைப் பார்த்து மாத்திச் சொன்னா, அந்த நடுவருங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு தோணிடுச்சு. வீம்பு, வேறென்ன!

"தப்பில்லை. ரவி உள்ள போ."

"ஐயா, இது ரேஸ் இல்லீங்களே. கொழுந்து வேகுது ஐயா."

"ஆளுக்கு ஒரு நியாயம் என்னால சொல்ல முடியாது ராசு."

கேட்டைச் சாத்தினாரு. ராசு கொஞ்ச நேரம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் வண்டியைத் திருப்பிப் போயி, கீழ ஓடைச் சரிவுல மூட்டை மூட்டையா அவிழ்த்துக் கொட்டினாரு. அந்த இலையெல்லாம் யாரு யாரு ஊட்டுத் தோட்டத்ததோ, அவங்களுக்கெல்லாம் போயி அவரு பதில் சொல்லணும்.

ஊட்டுல ஐவி கேட்டுட்டு வாய்ல அடிச்சுக்கிட்டா. "ஏங்க, டிவியில ஓடற காருக்குச் சொல்றதை இந்த வயித்துப்பாட்டு வண்டிக்கா சொல்லுவீங்க? உங்களுக்குப் புத்தி மழுங்கிப் போச்சா?"

"தீர்ப்புன்னா தீர்ப்புதான். உனக்கு ஒண்ணும் தெரியாது, சோத்தைப் போடு"ன்னாரு தனசிங். ஆனா தட்டைப் பாதியிலேயே தள்ளி வச்சுட்டாரு.

அதுக்கப்புறம் சில்வர் ஓக் மரத்தடியில ஒதுங்கறதுக்கு எவனுக்குப் பைத்தியமா? தனசிங்கே தப்பில்லைன்னுட்டாரு! ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன், அத்தனை பேரும் அடைக்க ஆரம்பிச்சாங்க. வளைவுல டயர் தேயற சத்தமும் கெட்ட வார்த்தையுமா ஆச்சு. ராசு வண்டிதான் அடிக்கடி வெளிய நின்னுச்சு. அவருகிட்ட இலை குடுக்கறவங்க வேற வண்டி பார்க்கத் தொடங்கினாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை ராசு முதல் முறையா மயில்சாமி கடைக்கு வந்தாரு. ரேஸ் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சப்புறம் தனசிங் பக்கத்துல வந்து நின்னாரு.

"ஐயா, அந்த ஒருக்கா நகர்றது இருக்கே, அதை எப்போ நகரணும்?"

தனசிங்குக்குச் சந்தோசம் தாங்கலை, அதையும் சொல்லிடணும். அன்னைக்குக் கோவிச்சுட்டுப் போன மனுசன் தன் தீர்ப்பை ஏத்துக்கிட்டு வந்து நிக்கறாரே! ரெண்டு கிளாஸையும் எடுத்து வச்சாரு. "சீக்கிரம் நகர்ந்தா அவன் மறுபக்கம் வருவான். பொறுத்திருந்து, அவன் மனசு வச்சுத் திருப்பற அந்த நொடி பார்த்து நகரணும். அவன் பக்கத்துல வர்றதுக்கு முன்னால." ராசு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. தானே ஒரு தடவை கிளாஸை நகர்த்திப் பார்த்தாரு. "கரெக்ட்!"னு தனசிங் முதுகுல தட்டிக் குடுத்தாரு.

ஐப்பசி மழையில ஒரு சாயங்காலம். மலையை மூடியிருந்த மஞ்சு கொஞ்சம் விலகி வளைவு தெரிஞ்சுச்சு. உள்ளேருந்து அதே குரல், இன்னும் ஒரு வண்டின்னு. தனசிங் எட்டிப் பார்த்தாரு. முன்னால ராசு, பின்னால ரவிக்குமார். ரவிக்குமார் வெளிப்பக்கமாத் திருப்பினான். ராசு பொறுத்திருந்து, அந்த நொடி பார்த்து, ஒரே ஒருக்கா நகர்ந்தாரு. கடையில கிளாஸை நகர்த்தின மாதிரியே.

ரவிக்குமாரோட முன்சக்கரம் ஈரமண்ணுல இறங்கிடுச்சு. வண்டி சரிவுல உருண்டு தேயிலைச் செடிக்குள்ள போய்க் கவிழ்ந்துச்சு. மூட்டை வெடிச்சு, பறிச்ச இலை பறிக்காத செடி மேலெல்லாம் கொட்டிக் கிடந்துச்சு.

தனசிங் ஓடினாரு. ஓடறப்போ சோத்து டப்பாவை உதறி அந்த மஞ்சத் துணியை எடுத்துக்கிட்டு ஓடினாரு. வளைவுல நின்னு, பின்னால வர்ற வண்டிங்களைப் பார்த்து ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாரு. "நில்லுங்கடா! முந்தாதீங்கடா!" தொண்டை கிழிஞ்சுச்சு. பின்னால வந்த ரெண்டு வண்டிக்காரங்களும் அவரைப் பார்த்தாங்க, கேட்டுல ஆளில்லைன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்தனை ஒருத்தன் முந்திக்கிட்டு மேல ஏறி உள்ள போயிட்டாங்க. பாவிங்க. ராசுவும் அவரும்தான் ரவிக்குமாரை வெளிய இழுத்தாங்க. ஊட்டிக்குக் கொண்டு போற வழியிலேயே உசுரு போயிடுச்சு.

ஸ்டேசன்ல கேட்டாங்க. தனசிங் பார்த்ததைச் சொன்னாரு. "ராசு நகர்ந்தது ஒருக்காதாங்க. அவன் மேல தப்பில்லைங்க." சொல்லிட்டு, "தப்பு என்னுதுங்க"ன்னாரு.

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தாரு. "வண்டியை நீயா ஓட்டினே?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னய்யா? மழை ரோடு, சறுக்கிடுச்சு. கையெழுத்தைப் போட்டுட்டுப் போ, எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

மயில்சாமி கடையிலயும் அதே பேச்சுதான். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை, ரேஸ்ல நடக்கறதுதான்னு கட்சி வித்தியாசமில்லாம ஒத்துப் போயிட்டாங்க. அத்தனை வருசத்துல அந்தக் கடை ஒரே குரலாப் பேசினது அன்னைக்குத்தான். தனசிங்குக்கு அங்க உக்கார முடியலை. தனக்கு ஒரு தண்டனை குடுக்க இந்த மலையில ஒருத்தன் கூட இல்லையான்னு இருந்துச்சு அவருக்கு.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ரவிக்குமார் சம்சாரம் கோகிலவாணி குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கேட்டுக்கு வந்தா.

"ஏனுங்க, நீங்கதான் பார்த்தீங்களாமா. எங்க ஊட்டுக்காரரு தப்பா ஓட்டினாருங்களா?"

"இல்லைம்மா."

"ராசண்ணன் தப்பா ஓட்டினாருங்களா?"

"இல்லைம்மா."

"அப்புறம் ஏனுங்க செத்தாரு?"

குழந்தை கேட்டுக் கம்பியைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டிருந்துச்சு. அவ பதிலுக்கு நின்னு பார்த்துட்டு, அதோட கையைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டா.

ராசு வண்டியை விட்டுட்டாரு. கூலிக்கு விறகு வெட்டப் போறதாச் சொன்னாங்க. ஒரு சாயங்காலம் தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே கேட்டுக்கு வந்தாரு.

"ஐயா, போலீசு விட்டுட்டாங்க. கடையில எல்லாரும் தப்பில்லைங்கறாங்க. என் ஊட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. நீங்களாவது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. எனக்குக் கண்ணை மூட முடியலை."

தனசிங் வாழ்க்கையில சொன்ன தீர்ப்பை மாத்தினதே இல்லை. அன்னைக்கு மாத்தினாரு. இதைச் சொன்னாலாவது அந்த மனுசன் தூங்குவாருன்னு நம்பித்தான் சொன்னாரு.

"தப்புதான் ராசு. நீ பண்ணினது தப்பு. அன்னைக்கு ரவி உன்னை அடைச்சதும் தப்பு."

ராசு சாக்கைத் தலையிலேருந்து எடுத்தாரு. சாக்குலேருந்து தண்ணி சொட்டுச்சு.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் உங்ககிட்டக் கத்துக்க வந்திருக்க மாட்டேனே ஐயா."

கீழ வளைவுல ஹாரன் சத்தம். ரெண்டு வண்டி, ஒண்ணுக்கு ஒண்ணு வழி விடாம ஏறி வந்துக்கிட்டிருந்துச்சு. தனசிங் கேட்டைத் திறக்கப் போனாரு.